பாதை யாருக்குச் சொந்தம்? பாகாயமும் கரிகிரியும் நம் பள்ளிவாசல் படிகளும்



சென்ற ஆண்டு ஒரு காலைப் பொழுதில் ஹிதாயா பாடம் நடந்துகொண்டிருந்தது. இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் எழுதிய அந்நூல், ஹனஃபி மத்ஹபின் சட்டங்களைக் கற்பிக்கும் மதரஸாக்களில் இன்றும் ஓதிக்கொடுக்கப்படுவதை வாசகர்கள் அறிவார்கள். அன்றைய பாடம், பொதுப் பாதையில் ஒருவர் புதிதாக ஏதேனும் ஏற்படுத்தினால் அதன் சட்டம் என்ன என்பது. வீட்டிலிருந்து பாதையின் பக்கம் நீட்டிக் கட்டிய கழிப்பிடம், தண்ணீர் விழும் குழாய், கடைக்கு முன்னால் போட்ட திண்ணை ஆகியவற்றை ஆசிரியர் எடுத்துப் பேசுகிறார். பாதையில் நடக்கும் சாதாரண மனிதர் எவரும் அதை அகற்றச் சொல்ல உரிமை உடையவர். அது விழுந்து ஒருவர் இறந்தால் இரத்த ஈடு கொடுக்க வேண்டும். பாதையில் தண்ணீர் ஊற்றி ஒருவர் வழுக்கி விழுந்தாலும் பொறுப்பு உண்டு. ஆனால் ஈரத்தைத் தெரிந்துகொண்டே ஒருவர் அதன்மேல் நடந்தால் ஊற்றியவர் மேல் பொறுப்பில்லை. சட்டம் இவ்வாறு செல்கிறது.

வகுப்பில் பிறவியிலேயே பார்வையற்ற மாணவர் ஒருவர் இருக்கிறார். ஹாஃபிழ். கேட்டே பாடம் படிப்பவர். அவர் கையை உயர்த்திக் கேட்டார்: "ஹஜ்ரத், தெரிந்துகொண்டே நடந்தால் என்று சொன்னீர்கள். தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லையே, என் கணக்கு எதில் சேரும்?" தெரியாமல் நடந்தவரை வீழ்த்தியவர் தப்ப முடியாது என்று பதில் சொன்னோம். அவர் விடவில்லை. "அப்படியென்றால் நம் பள்ளிவாசல் படிக்கட்டுக்கும் இந்தச் சட்டம்தானா?" என்றார்.

அதற்கு அன்று நாம் பதில் சொல்லவில்லை. லுஹர் நேரம் ஆகிவிட்டது என்று நூலை மூடினோம்.

அந்தப் படிக்கட்டின் கதையை மறைக்க விரும்பவில்லை. நம் மஹல்லா பள்ளிவாசலைப் புதுப்பித்தபோது தரைமட்டம் உயர்த்தப்பட்டது. தெருவோரச் சாக்கடையின் மேல் சிமெண்ட் பலகை போட்டு, அதன்மேல் மூன்று படிகள் கட்டி, பளிங்கு பதித்தோம். அந்தப் படிகள் பள்ளியின் சுவரைத் தாண்டித் தெருவுக்குள் ஏறத்தாழ நான்கடி வந்து நிற்கின்றன. அந்தப் பணிக்காக வீடு வீடாக வசூலுக்குச் சென்றவர்களில் நாமும் ஒருவர். தெருவோரமாகச் சுவரைத் தடவி வரும் அந்த மாணவர் அந்த இடத்தில் சுவரை விட்டு விலகி, மோட்டார் சைக்கிள்கள் போகும் நடுத்தெருவுக்கு இறங்கி, மீண்டும் சுவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். எத்தனையோ ஆண்டுகளாக நாள்தோறும் ஐவேளையும் அவ்வழியே போகிறோம். அவர் கேட்கும்வரை அது நம் கண்ணில் படவில்லை.

அதன் பிறகுதான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். வெகு தூரம் போகத் தேவையிருக்கவில்லை. தெருவில் நடப்பதே சிலருக்குச் சட்டத்தால் மறுக்கப்பட்டதும், அந்த மனிதர்களைக் கைதூக்கி விட மருத்துவர்கள் சிலர் வாழ்நாளைச் செலவிட்டதும் நம் வேலூர் மண்ணிலேயே உள்ளன.

பிரிட்டிஷ் ஆட்சியில் 1898ஆம் ஆண்டு தொழுநோயாளிகள் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அச்சட்டம் அறிவிக்கப்பட்ட பகுதிகளில், வெளிப்படையாகப் பிச்சை கேட்கும் அல்லது பிழைப்புக்கு வழியின்றித் திரியும் தொழுநோயாளியைக் காவலர் பிடியாணை இல்லாமலே பிடித்துச் செல்லலாம். அவரைத் தொழுநோய் விடுதியில் அடைத்து வைக்கலாம். அத்தோடு நிற்கவில்லை. அரசு ஆணையிட்டால் தொழுநோயாளி உணவுப் பொருளையோ உடையையோ விற்கக் கூடாது; பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கக் கூடாது, குளிக்கக் கூடாது; வாடகைக்கு ஓடும் பொது வண்டிகளில் ஏறக் கூடாது. ரயில் மட்டும் விதிவிலக்கு. மீறினால் அபராதம். கவனித்துப் பார்த்தால், ஒரு மனிதர் தெருவுக்கு வரும் காரணங்கள் அனைத்தும் அதில் இருக்கின்றன: வாங்க, விற்க, தண்ணீர் எடுக்க, வண்டி ஏற. நோய்க்கு மருந்தில்லாத காலத்தில் எழுதப்பட்ட சட்டம் அது என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் மருந்து வந்து, கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் பரிந்துரைத்து, சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திலேயே நோய் பிறருக்குப் பரவாது என்று உறுதியான பின்பும் அச்சட்டம் மத்திய சட்டப் புத்தகத்தில் இருந்தது. சட்ட ஆணையம் 2015இல் தன் 256ஆவது அறிக்கையில் அதை நீக்கச் சொன்னது. 2016இல்தான் நீக்கப்பட்டது. நம் மணவிலக்குச் சட்டமான 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டத்திலும் தொழுநோய் ஒரு காரணமாக எழுதப்பட்டிருந்தது. அது 2019இல் எடுக்கப்பட்டது.

சட்டத்தை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. தொழுநோயாளியை விட்டு விலகி இருக்கச் சொல்லும் நபிமொழி ஒன்று புகாரியில் உள்ளது. அதை மேற்கோள் காட்டி மனிதர்களைத் தெருவிலிருந்தே விரட்டியவர்களை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதே அறிவிப்பில்தான் நோய் தானாகத் தொற்றும் என்னும் அறியாமைக் கால நம்பிக்கை மறுக்கப்பட்டிருக்கிறது என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. நபி (ஸல்) அவர்கள் தொழுநோயாளி ஒருவரின் கையைப் பிடித்துத் தம்மோடு உணவுத் தட்டில் வைத்தார்கள் என்னும் அறிவிப்பு திர்மிதீயில் உள்ளது. அதன் தொடர் குறித்து இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்களே குறை சொல்லியிருப்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இப்னு மாஜாவில் வரும் இன்னொன்று, தொழுநோயாளிகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தடுக்கிறது. தெருவில் ஒருவரை நோகடிக்கக் கல்லெறியத் தேவையில்லை, பார்வையே போதும் என்பதை மாற்றுத்திறனாளிகளின் குடும்பத்தார் அறிவார்கள்.

உமையா கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சி 705–715) பற்றி இமாம் தபரீ (ரஹ்) எழுதும்போது, அவர் தொழுநோயாளிகளுக்கு உதவித்தொகை ஒதுக்கி அவர்கள் மக்களிடம் கையேந்தாமல் இருக்கச் செய்ததையும், நடக்க முடியாத ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளரையும் பார்வையற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியையும் நியமித்ததையும் குறிப்பிடுகிறார். மேடைகளில் இதைப் பெருமையாகச் சொல்கிறோம். பெருமைக்குரியதுதான். ஆயினும் தொழுநோயாளிகளை மக்களிடையே வரவிடாமல் வைத்ததும் அதே ஏற்பாட்டின் ஒரு பகுதி என்பதை மறந்துவிடக் கூடாது. பார்வையற்றவருக்கு வழிகாட்டி கிடைத்தார். தொழுநோயாளிக்குச் சோறு கிடைத்தது, தெரு கிடைக்கவில்லை.

இனி வேலூருக்கு வருவோம்.

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். மிஷனரி பெற்றோரின் மகன். இலண்டனில் அறுவை மருத்துவம் கற்று 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அக்காலத்தில் தொழுநோய் நிபுணராகப் புகழ்பெற்றிருந்த ராபர்ட் கோக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்தார். அங்கே மடங்கிப் போன விரல்களைக் கண்ட பிராண்ட், இவ்வளவு பேருக்கு ஏன் எலும்பு மருத்துவர் எவரும் எதுவும் செய்யவில்லை என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. நோயாளியின் சதை தானாக அழுகி உதிர்வதில்லை. நரம்பு மரத்து வலி தெரியாமல் போவதால் நெருப்பும் முள்ளும் கல்லும் அவரைச் சிதைக்கின்றன, அவருக்கோ தெரிவதில்லை என்பதை அவரும் உடன் பணியாற்றியவர்களும் நிலைநாட்டினார்கள். 1948 முதல், உழைக்கும் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைகள் வேலூரில் நடந்தன. 1955இல் காட்பாடிக்கு அப்பால் கரிகிரியில் ஷீஃபெலின் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை உருவானது. அன்று பொட்டலாகக் கிடந்த அந்நிலத்தை மரங்கள் அடர்ந்த இடமாக்கியதில் அங்கே பணியாற்றிய மருத்துவர் எர்னஸ்ட் ஃப்ரிட்ஷிக்குப் பெரும் பங்கு உண்டு. கரிகிரிக்குச் சென்றவர்கள் அந்த நிழலை அறிவார்கள்.

இந்த வரலாற்றில் நம்மைத் தைக்கும் இடம் அறுவைக்குப் பிந்தைய பகுதி. கை நிமிர்ந்தவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். சில காலம் கழித்துச் சிலர் திரும்பி வந்து மருத்துவரிடம் முறையிட்டார்கள்: கை நன்றாக இருப்பதால் முன்போல் பிச்சை விழுவதில்லை, முகத்தில் நோயின் அடையாளம் இருப்பதால் வேலை கொடுப்பாரும் இல்லை. பேருந்தில் ஏற்றவில்லை, கடையில் அமர விடவில்லை. பிராண்ட் இதைத் தம் நூல்களில் மனம் வருந்தி எழுதியிருக்கிறார். அதனால்தான் 1950களின் தொடக்கத்தில் பாகாயத்தில் நவஜீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பு தொடங்கப்பட்டது. மர பொம்மைகள் செய்வது போன்ற கைத்தொழில்களை, மரத்துப்போன கைகளுக்குக் காயம் படாமல் செய்யும் முறைகளோடு கற்றுக்கொடுத்தார்கள். கையைச் சரிசெய்வது மருத்துவரால் முடிந்தது. பேருந்து நடத்துநரையும் கடைக்காரரையும் சரிசெய்யும் அறுவை எதுவும் அவரிடம் இல்லை.

கால்களின் கதை நம் தொழிலோடு நெருங்கியது. வலி தெரியாத பாதத்தில் ஒரு சிறு கொப்புளம் வந்தாலும் அவர் அதன்மேலேயே நடந்துகொண்டிருப்பார். கொப்புளம் புண்ணாகும், புண் எலும்புவரை போகும், கடைசியில் காலையே எடுக்க நேரும். எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது, நடையின் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதை வேலூரிலும் கரிகிரியிலும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். உள்ளே மெத்தென்று அமுங்கி அழுத்தத்தைப் பரப்பும் மைக்ரோசெல்லுலார் ரப்பர், அடியில் முள் ஏறாத கடினமான ரப்பர், குதிகால் வார், ஆணி அடிக்காமல் ஒட்டித் தைத்த மேற்பகுதி. எம்.சி.ஆர். செருப்பு என்று மருத்துவமனைகளில் சொல்லப்படுவது இதுதான். இன்று நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் இதையே எழுதிக் கொடுக்கிறார்கள். நம் வீடுகளில் நீரிழிவு இல்லாத பெரியவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். (ஆம்பூரில் குடியிருந்துகொண்டு பிரியாணியைக் குறை சொல்லும் துணிவு நமக்கு இல்லை, ஆகவே காரணத்துக்குள் போகவில்லை.)

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றங்கரை நெடுகத் தோலும் காலணியும்தான் பிழைப்பு. ஐரோப்பியரின் கால் அளவுக்கும் அமெரிக்கரின் கால் அளவுக்கும் துல்லியமாகக் கட்டை செதுக்கிக் காலணி தைக்கும் கைகள் நம்முடையவை. ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள் காலையில் நிரம்பிய பேருந்திலிருந்து இறங்கி, உடைந்த பலகைகளுக்கும் திறந்த சாக்கடைக்கும் நடுவே காலை எங்கே வைப்பது என்று பார்த்து நடப்பதைத் தினமும் காண்கிறோம். காலணி நம் ஊரில் உலகத் தரம். நடக்கும் பாதை அப்படியில்லை.

பாகாயத்தில் இன்னொருவரின் வரலாறும் உண்டு. கொச்சியில் 1925இல் பிறந்த மேரி வர்கீஸ், வேலூரில் மருத்துவம் படித்து அங்கேயே பணிபுரிந்தார். 1954 ஜனவரியில் நண்பர்களோடு சென்ற வண்டி கவிழ்ந்து தண்டுவடம் முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போய்விட்டன. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மருத்துவத் தொழிலே முடிந்தது என்று எண்ணியிருந்தவரிடம் பிராண்ட் ஒரு யோசனை சொன்னார்: கை அறுவையை உட்கார்ந்த நிலையிலேயே செய்யலாமே. சக்கர நாற்காலியில் இருந்தபடி அவர் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அதற்கான துறையை நடத்தினார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் இத்தகைய நிலையங்களில் இந்தியாவில் முன்னோடி அது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986இல் காலமானார்.

மரத்திலிருந்து விழுந்தும், கிணற்றில் விழுந்தும், சாலை விபத்திலும் முதுகு முறிந்தவர்கள் பல மாநிலங்களிலிருந்தும் பாகாயம் வந்தார்கள், இன்றும் வருகிறார்கள். படுத்த படுக்கையாக வந்தவர் எழுந்து உட்கார்ந்து, நாற்காலியை உருட்டப் பழகி, பிழைப்புக்கு ஒரு தொழிலையும் எண்ணி வெளியே வருகிறார். உள்ளே எங்கும் சாய்தளம், அகன்ற கதவு, சமதளம். வாசலைத் தாண்டினால் நம் ஊர் தொடங்குகிறது. வேலூர் நகருக்குள் ஐடா ஸ்கடர் சாலைப் பக்கம் சென்று சற்று நேரம் நின்று பாருங்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வைத்து உறவினர்கள் ஆட்டோக்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவே தள்ளிக்கொண்டு போவார்கள். மருத்துவத்தில் ஆசியாவெங்கும் பெயர் பெற்ற ஊர் இது.

இங்கே இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் சம்பவம் நினைவுக்கு வருகிறது. பல ஆண்டுகள் ஓதிக்கொடுத்தும் நாம் சரியாகக் கவனிக்காத ஒன்று அதில் உண்டு. அவர் தம் கூட்டத்தாருக்குத் தொழுகை நடத்துபவர், பார்வை மங்கிவிட்டது. அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டபோது கண்ணை மட்டும் சொல்லவில்லை. மழை பெய்தால் தமக்கும் தம் மக்களுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் வெள்ளம் ஓடுகிறது, கடந்து பள்ளிவாசலுக்குப் போக முடியவில்லை என்றார். தம் வீட்டுக்கு வந்து ஓரிடத்தில் தொழ வேண்டும், அவ்விடத்தைத் தாம் தொழுமிடமாக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். நபியவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களோடு அவர் வீட்டுக்கே சென்று தொழுதார்கள். தடை அவர் கண்ணில் பாதி, ஓடையில் பாதி. ஓடையில் தண்ணீர் வற்றிய நாளில் அதே கண்ணோடு அவர் பள்ளிவாசலுக்குப் போய்க்கொண்டுதானே இருந்தார்? நம் பள்ளிவாசலுக்கு முன்னால் ஓடை எதுவும் கிடையாது. படிகளை நாமே கட்டினோம்.

இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் செய்தியும் ஹதீஸ் நூல்களில் உண்டு. வீட்டில் தொழ அனுமதி கேட்ட பார்வையற்ற தோழரிடம், பாங்கோசை கேட்கிறதா என்று வினவி, கேட்கிறதென்றால் வருமாறு நபியவர்கள் பணித்தார்கள். இரண்டையும் இமாம்கள் எவ்வாறு இணைத்து விளக்கினார்கள் என்பது நீண்ட பேச்சு. பாங்கு கேட்கும் தூரத்தில் இருப்பவர் வர வேண்டும் என்றால் அவர் வருவதற்கு வழி இருக்க வேண்டும் என்பது மட்டும் இங்கே போதும். பாதையின் அகலத்தில் தகராறு வந்தால் ஏழு முழம் விடுமாறு தீர்ப்பளித்ததும், பாதையில் அமர்வோர்க்குப் பிறரை நோகடிக்காமல் இருப்பதைக் கடமையாக்கியதும், வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக எண்ணியதும் நாம் அனைவரும் அறிந்தவையே. முள்ளை அகற்றுவது என்று மிம்பரில் சொல்லும்போது எல்லோர் மனத்திலும் கருவேல முள்தான் தோன்றுகிறது.

உலகின் பிற இடங்களில் இந்தச் சிந்தனை எப்படி வளர்ந்தது என்பதிலும் ஒரு சிறு செய்தி. ரயில் நிலைய நடைமேடைகளில் மஞ்சள் நிறத்தில் புடைப்புக் கோடுகளும் புள்ளிகளும் கொண்ட ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள்; பலர் அழகுக்காகப் பதித்தது என்று நினைக்கிறார்கள். ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே என்பவர் உருவாக்கி, 1967இல் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளி அருகே முதன்முதலாகச் சாலையில் பதித்தது அது. காலாலும் கோலாலும் படிக்கும் எழுத்து என்று அதைச் சொல்லலாம். நம் நகரங்களில் அந்த ஓடுகள் சில இடங்களில் நேராகப் போய் மின்கம்பத்தில் முடிகின்றன. அரபு எழுத்தறியாதவர் அச்சடித்த குர்ஆன் பிரதிபோல இருக்கிறது அது.

இந்தியாவில் 1995இல் வந்த ஊனமுற்றோர் சட்டம் சாலைகளைப் பற்றித் தனியாகவே பேசியது: சிக்னலில் ஒலி, நடைபாதை விளிம்பில் சக்கர நாற்காலி ஏறும் சரிவு, கடக்கும் இடத்தில் பார்வையற்றோர் உணரும் குறிகள். ஆனால் அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்னும் சொற்களும் உடன் இருந்தன. இருபது ஆண்டுகள் அந்தச் சொற்களின் நிழலில் கழிந்தன. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழு வகைகளாக இருந்த குறைபாடுகளை 21 ஆக விரித்தது. தொழுநோயிலிருந்து குணமானவர்கள் இரண்டு சட்டங்களிலும் இருக்கிறார்கள். 1898இன் சட்டம் யாரைப் பொது வண்டியிலிருந்து இறக்கிவிட்டதோ அவருக்கே 2016இன் சட்டம் பொதுப் போக்குவரத்தில் உரிமை தருகிறது. முன்னது நீங்கியதும் பின்னது வந்ததும் ஒரே ஆண்டில். பொதுக் கட்டடங்கள் விதிகள் வெளியான ஐந்தாண்டுக்குள் மாற்றப்பட வேண்டும் என்றது புதிய சட்டம். விதிகள் வந்தது 2017 ஜூனில். ஐந்தாண்டு எப்போது முடிந்தது என்று வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம்.

பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரதூரி என்பவர் சாலைகளும் பொது இடங்களும் எல்லோருக்கும் ஏற்றவையாக வேண்டும் என்று 2005இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் விரிவான ஆணைகள் பிறப்பித்தது. நிறைவேறியவை சொற்பமே என்று கண்டு, 2024 நவம்பரில் மீண்டும் தீர்ப்பளித்தது. விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருக்கின்றன, சட்டமோ கட்டாயம் என்கிறது. ஆகவே அந்த விதி செல்லாது, மூன்று மாதத்தில் கட்டாயமான தரங்களை வகுக்க வேண்டும் என்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 2.68 கோடிப் பேரும் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேரும் மாற்றுத்திறனாளிகள். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் கடலருகே செல்ல மரப்பாதை திறந்தபோது, பிறந்ததிலிருந்து சென்னையில் இருந்தும் அலையில் கால் நனைக்காதவர்கள் முதன்முறையாக நனைத்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது, பிறகு சீர்செய்தார்கள். நம் மாவட்டங்களின் சிறு நகரத் தெருக்களுக்கு இந்த அலை இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. நகராட்சியிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். ஆனால் கடையின் முன்னால் பலகை போட்டவரும், வீட்டு வாசலில் பைக் ஏற மேடு கட்டியவரும், ஜும்ஆ நேரத்தில் குறுக்கே வண்டி நிறுத்துபவரும் நகராட்சி இல்லை.

அந்த மாணவரின் இரண்டாவது கேள்விக்கு மறுவாரம் வகுப்பில் பதில் சொன்னோம். ஆம், நம் படிகளுக்கும் அதுவே சட்டம். பள்ளிவாசலுக்காகப் பாதையின் ஒரு பகுதியை எடுப்பதைச் சில ஃபகீஹ்கள் அனுமதித்திருந்தாலும், நடப்போருக்கு இடையூறு இல்லை என்னும் நிபந்தனையோடுதான் அனுமதித்தார்கள். இடையூறு உண்டா இல்லையா என்பதைச் சொல்லும் தகுதி நமக்கில்லை, உங்களுக்குத்தான் உண்டு என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் இஷாவுக்குப் பின் முத்தவல்லியும் நிர்வாகத்தினர் சிலரும் அளவு நாடாவோடு வாசலில் கூடினோம். படிகள் மூன்றும் சேர்ந்து பதினெட்டு அங்குல உயரம். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு ஒரு அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும் என்று பொறியாளர் தம்பி ஒருவர் சொன்னார். அப்படியானால் பதினெட்டு அடி. அதைத் தெருவின் பக்கம் நீட்டினால் இப்போதுள்ள நான்கடியைவிடப் பெரிய ஆக்கிரமிப்பு. உள்ளே எடுத்தால் செருப்பு அலமாரியையும் ஹவ்ளின் ஓரத்தையும் இடிக்க வேண்டும். எண்பதைத் தொட்ட பெரியவர் ஒருவர், படிகளுக்குக் கீழே தம் பாட்டனார் வக்ஃபாகப் போட்ட பழைய கல் இருக்கிறது, அதை அசைக்கக் கூடாது என்றார். பேச்சு சற்றுச் சூடானது.

அப்போது முஅத்தின்தான் பக்கவாசலை நினைவூட்டினார். ஜனாஸாத் தொழுகைக்குப் பின் சந்தூக்கை வெளியே எடுத்துச் செல்லும் வாசல் அது. தோளில் சுமப்பவர்கள் தடுமாறக் கூடாது என்பதற்காக முதலிலிருந்தே அங்கே படி வைக்கவில்லை. தரை சரிவாகவே தெருவில் இறங்குகிறது. ஜனாஸா இல்லாத நாட்களில் பூட்டியே கிடக்கும். சாவியை எடுத்துவந்து அன்றிரவே திறந்து பார்த்தோம். பழைய பாய்களும் உடைந்த மின்விசிறியும் குறுக்கே கிடந்தன.

இப்போது அந்தக் கதவு ஐவேளையும் திறந்திருக்கிறது. சக்கர நாற்காலியில் வரும் ஒருவரும், முழங்கால் வலியுள்ள முதியவர்கள் ஏழெட்டுப் பேரும் அவ்வழியே வருகிறார்கள். வக்ஃபுக் கல்லைப் பற்றிப் பேசிய பெரியவரும் அவர்களில் ஒருவர். முன்வாசல் படிகள் தெருவில் இன்னும் நான்கடி நீட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றை வெட்டி உள்ளே தள்ளுவது குறித்த முடிவு அடுத்த ஜமாஅத் கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. அந்த மாணவர் இன்றும் அவ்விடத்தில் சுவரை விட்டு இறங்கி, ஆறு எட்டு வைத்து, மீண்டும் சுவரைத் தொடுகிறார்.